ஊட்டுக்கு வழி

கோகுல்நாத்துக்குக் குறை சொல்வதுதான் பிழைப்பு. புது வண்டி எது வந்தாலும் ஓட்டிப் பார்த்து, அதிலிருக்கிற நொட்டை நொள்ளையெல்லாம் தோண்டியெடுத்து, கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு யூடியூபில் ஏற்றுவான். முதலமடை மாந்தோப்புக்காரர் வீட்டுப் பையன், ஈவிரக்கமே பார்க்காதவன் என்று பேர் வாங்கியிருந்தான்.

பேர் வாங்கியதோடு நின்றிருந்தால் தேவலை. அந்த வாய் வீட்டுக்குள்ளேயும் சும்மா இருக்கவில்லை. ரசத்துக்கு ஏழு. கல்யாணத்துக்குக் கட்டிய புடவைக்கு ஆறரை. மனைவி கிருத்திகா கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கே பொறுப்பாளரான செய்தியை ஓட்டமாக வந்து சொன்ன அன்றைக்கு, "நல்லதுதான். ஆனா சம்பளம் ஒண்ணும் பெருசா ஏறலையே, எட்டு குடுக்கலாம்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்து, மகள் தன்விகாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஃபோன் செய்தால் "சொல்லுங்க" என்று மரியாதையாகத்தான் பேசுவாள். அந்த மரியாதைதான் அவனை அரித்தது.

இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கம்பெனி, தன் சொகுசுக் குடும்ப வண்டியைப் புதுப்பித்து, ஓட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்பியது. ஏழு பேர் உட்காரலாம். கூரை முழுக்கக் கண்ணாடி. சீட்டு முதுகைப் பிடித்துவிடும். போதாததற்குத் தமிழிலேயே பேசினால் கேட்டுக்கொண்டு வழி சொல்லும். வண்டி வாசலில் நின்றது. ஏற்றிக்கொண்டு போகத்தான் குடும்பம் இல்லை.

கிருத்திகாவைக் கூப்பிட்டுக் கேட்டான். வேலைக்காகக் கேட்கிற மாதிரிதான் கேட்டான். உள்ளுக்குள் அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பயணம் முடிந்து திரும்பும்போது அவள் முதலமடைக்கு வர வேண்டும்.

"புள்ளைக்காக வர்றனுங்க," என்றாள் அவள். "வீடியோல என்ற மொகம் வரப்படாது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்பிலிருந்து பழுத்த பங்கனப்பள்ளியாகப் பார்த்து ஒரு தட்டு எடுத்து, வைக்கோல் எதுவும் போடாமல் டிக்கியில் வைத்தான். இது அவனுடைய பரீட்சை, வேறு எந்த விமர்சகனும் செய்வதில்லை. மலைப்பாதையில் போய்த் திரும்பிய பிறகு பழத்தில் அடி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பான். வண்டி எவ்வளவு குலுக்குகிறது என்பதற்குப் பழத்தைவிட உண்மையான சாட்சி கிடையாது. ஆனால் உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடிபட்ட பழம் மறுநாள்தான் கறுக்கும். மாந்தோப்பு வீட்டில் பிறந்தவர்களுக்கும் வாழ்க்கைப்பட்டவர்களுக்கும் இது தெரியும்.

கஞ்சிக்கோட்டில் தன்விகா ஓடிவந்து ஏறினாள். கிருத்திகா முன்சீட்டில் உட்கார்ந்தாள். கிளம்பியதும் வண்டி, செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், "வணக்கம். உங்கள் வீட்டு முகவரியைச் சேமிக்கலாமா?" என்று கேட்டது.

 ஒரு பாலம் தாண்டியது, ஒரு செங்கல் சூளை தாண்டியது. அப்புறம் கிருத்திகா திரையில் விரலை வைத்து ஏதோ எழுத ஆரம்பித்தாள். கோகுல்நாத் ரோட்டைப் பார்த்தான். எந்த ஊரை எழுதுகிறாள் என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. லட்சம் பேர் பார்க்க, கோடி ரூபாய் வண்டியையும் குத்திக் கிழிக்கிறவன், ஒரு சாண் திரையைத் திரும்பிப் பார்க்கப் பயந்தான்.

பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, சின்னாறு காட்டுக்குள் நுழைந்ததும் உலகம் சத்தத்தை நிறுத்திக்கொண்டது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் காற்று கேட்கவில்லை, இன்ஜினும் கேட்கவில்லை. கூரைக் கண்ணாடி வழியாக மரக்கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து நகர்ந்தன. வண்டி போகிறதா, காடுதான் தங்களைக் கடந்து போகிறதா என்று சொல்ல முடியவில்லை. தன்விகா மூன்றாம் வரிசையில் மல்லாந்து படுத்தபடி, "அப்பா, நாம தண்ணிக்குள்ள போறமா?" என்று கேட்டாள்.

"ஆமா சாமி," என்றான். அப்படித்தான் இருந்தது.

மறையூரை நெருங்கும்போது கரும்புப்பாகு காய்ச்சும் வாசனை எப்படியோ உள்ளே வந்தது. காந்தலூரில் மேகம் ரோட்டுக்கே இறங்கி வந்திருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு, அவன் காமிராவைத் தூக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். பழைய மாடலில் மூன்றாம் வரிசை மூட்டை ஏற்றத்தான் லாயக்கு, இதில் முட்டியை மடக்காமல் உட்காரலாம். முன்பக்கம் முகத்தை மாற்றியிருக்கிறார்கள். சஸ்பென்ஷனை நன்றாக இளக்கியிருக்கிறார்கள். எல்லாம் சொன்னான். குறை சொல்ல வேண்டிய இடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது.

மேகத்துக்குள் கிருத்திகா நின்றுகொண்டிருந்தாள். மகளின் கை அவள் கையில். ஒரு நேரம் தெரிந்தார்கள், ஒரு நேரம் தெரியவில்லை. மேகம் மூடும்போதெல்லாம் அவன் காமிராவைத் தாழ்த்தினான். விலகியதும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

"என்னங்க, பேச்சு நின்னு போச்சு? குறை ஒண்ணும் கண்ணுல ஆப்படலையா?" என்று கேட்டாள் அவள், மேகத்துக்குள்ளிருந்து.

"இல்ல கிருத்தி. ஒண்ணும் ஆப்படல."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு கோளாறும் இல்லையென்று சொல்லிக்கொண்டு வருகிற உருப்படியை அவள் கம்பெனியில் இப்படித்தான் பார்ப்பாளாக்கும்.

மலை இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தன்விகா தூங்கிப்போனாள். சீட்டு முதுகைப் பிடித்துவிட, கிருத்திகாவுக்கும் கண் சொருகியது. கண்ணை மூடிக்கொண்டே, வண்டியிடம் பாதி, தன்னிடம் பாதியாக, "போதும், ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

"தடம் அமைக்கப்பட்டது," என்றது வண்டி.

கோகுல்நாத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் முகவரியை எழுதிவிட்டாள், அப்படியென்றால். எந்த வீட்டை? கேட்டிருக்கலாம். இதோ, கை நீட்டும் தூரத்தில்தான் இருக்கிறாள். ஆனால் கேட்டு, அவள் கஞ்சிக்கோடு என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அவன் திரையை அணைத்துவிட்டான். குரல் மட்டும் போதும். பொள்ளாச்சியில் தெரிந்துவிடும். நேரே போகச் சொன்னால் முதலமடை, வலப்பக்கம் கோவை ரோட்டில் திருப்பினால் கஞ்சிக்கோடு.

அந்தத் தூரத்தை அவன் எப்படி ஓட்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் மஞ்சள் வெளிச்சம். பக்கத்தில் அவள் மூச்சு, பின்னால் மகளின் மூச்சு. ஒரு வீட்டுக்குள் இருக்கிற மாதிரியே இருந்தது. பொள்ளாச்சி வராமலே இருக்கக்கூடாதா என்று நினைத்தான். நாற்பதுக்கு மேல் வேகம் கூட்டவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, நன்றாகவே கேட்டுவிட்டுப் போனான்.

பொள்ளாச்சி வந்தது.

"வலதுபுறம் திரும்பவும்," என்றது வண்டி.

திரும்பினான். வேறென்ன செய்வது? அவனுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டான், பார்க்க யாரும் இல்லை. வண்டி எந்தக் குலுக்கலும் இல்லாமல், அத்தனை சுகமாக, அவனுடைய குடும்பத்தை அவனிடமிருந்து கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

கோவைக்குள் நுழைவதற்கு முன் பாலக்காட்டுக்குப் பிரிகிற பைபாஸ் வந்தது. கஞ்சிக்கோட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவன் இண்டிகேட்டரைப் போட்டான்.

"நேராகச் செல்லவும்," என்றது வண்டி.

"இல்லியே," என்றான் வாய்விட்டு.

"நேராகச் செல்லவும்."

ஓரங்கட்டி நிறுத்தி, அணைத்து வைத்திருந்த திரையைத் தட்டினான். நீலக்கோடு கோவையைத் தாண்டி, மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, நெளிந்து நெளிந்து மலை ஏறியது. உச்சியில் ஒரு கொடி. கொடிக்குக் கீழே 'உதகமண்டலம்' என்று எழுதியிருந்தது.

ஊட்டுக்குப் போலாம் என்றாள். ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு வீடு தெரியும், இல்லம் தெரியும். இந்தப் பக்கத்து ஊட்டை அவள் எங்கே கண்டாள்?

அவன் சிரித்த சிரிப்பில் கிருத்திகா விழித்துக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். அவன் ஈரக் கன்னத்தையும் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் அவளும் சிரிக்கத் தொடங்கி, மகள் எழுந்துவிடுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டிக்குள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"அப்ப காலைல நீ எழுதுனது?"

"பாட்டுக் கேக்க என்ற ஃபோன வண்டியோட சேத்துனனுங்க. முகவரியா? நான் எங்க எழுதுனேன்?"

சிரிப்பு அடங்கியது. இனி ஒளிந்துகொள்ள அவனுக்கு இடமில்லை.

"கிருத்தி, நீ ஊடுன்னு சொன்னியே. எந்த ஊட்ட நெனச்சுச் சொன்ன?"

 பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, சத்தமே இல்லாமல், வெறும் வெளிச்சமாக.

"தூக்கத்துல சொன்னனுங்க. எதுன்னு எனக்கே தெரியல," என்றாள். பிறகு, "நீங்க இன்னைக்கு எதுக்கும் மார்க்கே போடல," என்றாள்.

"போடத் தோணல."

"நெசமாவா, இல்ல என்னையக் கூட்டீட்டுப் போறதுக்கா?"

நெசமாகத்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அது முழு உண்மை இல்லை. "ரெண்டுந்தான்," என்றான்.

அவள் தலையாட்டினாள். அந்தப் பதிலில் எதையோ தட்டிப் பார்த்து, உள்ளே கீறல் இல்லை என்று கண்டவள் போலத் திரையின் பக்கம் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, "வீ... டு," என்றாள்.

"உங்கள் வீட்டு முகவரி இன்னும் சேமிக்கப்படவில்லை. இப்போது சேமிக்கலாமா?"

இந்தத் தடவை கோகுல்நாத் திரையைப் பார்த்தான்.

"டிக்கில இருக்கற பழம் எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் கிருத்திகா.

"அடி பட்டிருந்தா நாளைக்குக் கறுக்கும். அதுக்கு முந்தித் தெரியாது."

"நானும் கூட இருந்து பாக்கறேன். இந்தத் தடவ மார்க்க நான் போட்டுக்கறனுங்க." சீட்டில் சாய்ந்து திரும்பக் கண்ணை மூடிக்கொண்டாள். "ஊட்டு முகவரிய நாளைக்கு எழுதிக்கலாம். இப்ப வண்டிய முதலமடைக்குத் திருப்புங்க."

முதலமடை என்ற சொல் மட்டும் வண்டிக்கு ஒரே தடவையில் புரிந்தது. "தடம் அமைக்கப்பட்டது," என்றது. கோகுல்நாத் வண்டியைத் திருப்பினான், பழம் குலுங்காமல், மெதுவாக.