இரண்டாவது பிரேக்

பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் உட்காரும் பயிற்சியாளருக்கு ஒரு பிரேக். ஓட்டுகிறவர் தடுமாறினால் பயிற்சியாளர் தன் காலடியில் இருப்பதை அழுத்தி வண்டியை நிறுத்திவிடலாம். டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் பயிற்சியாளர் அதில் கெட்டிக்காரர். எங்கோ ஒரு லாரி தலைகாட்டினாலே அவர் கால் இறங்கிவிடும். டிரைவிங் ஸ்கூலில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'பிரேக்கம்மா' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பட்டப்பெயர் இல்லாத வாத்தியார் யார் இருக்கிறார் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கற்றுக்கொள்ள வந்த ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து, ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குள் வண்டியை விட்டுவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கண்ணாடி கொட்டிய சத்தம் டீச்சரை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து அவர் கால் ஒரு நொடிகூட ஓய்ந்ததில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் கல்லாக இருக்கும். ஏ.சி. மெக்கானிக்கான கணவர், "நாள் பூரா ஏணியில ஏறி இறங்கினவன் நான், கால் வலி உனக்கா?" என்று கேட்டபடியே தைலம் எடுத்துத் தருவார்.

கொஞ்ச காலமாக டீச்சரிடம் படித்தவர்கள் லைசென்ஸ் தேர்வில் வரிசையாகத் தோற்றார்கள். வகுப்பில் நன்றாக ஓட்டியவர்கள்தான். தேர்வு மைதானத்தில் போய்த் திணறி நின்றுவிட்டார்கள். முதலில் இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர் என்றார்கள், பிறகு வண்டி பழசு என்றார்கள். சொல்வதற்கு வேறு காரணம் கிடைக்காமல் போனபோது, தோற்றவர்களில் டீச்சரின் நாத்தனாரும் ஒருத்தியாக இருந்தாள்.

கணவரின் தங்கை அவள். வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்துத் தானே வண்டி ஓட்டிக் கொண்டுவர வேண்டும். ஊசி குத்துவதில் அவள் கை பூப்போல. லைசென்ஸ்தான் இல்லை. இரண்டாவது தடவையும் தேர்வில் தோற்றபின் கூடத்தின் மேலாளர், மாதக் கடைசிக்குள் கொண்டுவராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அன்று மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, இன்ஸ்பெக்டர் ஒண்ணு கேட்டாரு. 'எதுக்கும்மா ரோட்டைப் பாக்காம என் காலையே பாத்துட்டிருக்கே'ன்னு."

டீச்சர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். கணவர் தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி எழுந்து போனார். செம்பு நிறையத் தண்ணீர் மேசையிலேயே இருந்தது.

மறுநாள் டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா கூப்பிட்டார். திட்டவில்லை. அதுதான் டீச்சருக்குக் கலக்கமாக இருந்தது. ஒரு நாள் வகுப்பு எடுக்காமல் தாடிக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரும்படி சொன்னார். தாடிக்காரர் அங்கே இன்னொரு பயிற்சியாளர். டீச்சரைவிட அனுபவம் குறைந்தவர். பாதி நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிற சோம்பேறி என்பது டீச்சரின் கணிப்பு. அவரிடம் படித்தவர்கள் தேறுவது குருட்டு அதிர்ஷ்டம் என்றுகூட யாரிடமோ சொல்லியிருந்தார். இப்போது அவர் வண்டியில் போய் மாணவிபோல உட்கார வேண்டும். என்னை வீட்டுக்கு அனுப்புவதற்கு இது முன்னேற்பாடா என்று கேட்க வாய் வரை வந்தது. பதில் என்னவாக இருக்குமோ என்று கேட்கவில்லை.

தாடிக்காரரிடம் அன்று படிக்க வந்தவர் ஒரு தையற்கடைக்காரர். நடுவயதைத் தாண்டியவர். வண்டியைக் கிளப்பும் முன் தாடிக்காரர், இன்று எந்த இடத்தில் சிரமமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். தையற்காரர் யோசித்து, மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டுவிடுமோ என்று இருக்கிறது என்றார். அப்படியானால் அங்கேயே போவோம் என்று கிளம்பினார்கள்.

டீச்சர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். தாடிக்காரர் இரண்டு கால்களையும் இருக்கைக்குக் கீழே மடக்கி வைத்திருந்தார். ஏற்றத்தில் வண்டி நின்றது. பின்னால் ஹாரன்கள் கத்தின. வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. டீச்சரின் கால் தானாகவே தரைவிரிப்பை அழுத்தியது. தாடிக்காரர் வாய் திறக்கவில்லை. தையற்காரர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், மூச்சு விட்டார், மறுபடி கிளப்பி ஏறிவிட்டார். பாலம் இறங்கியதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, என்ன நடந்தது என்று தாடிக்காரர் கேட்க, தையற்காரரே எல்லாவற்றையும் சொன்னார். எங்கே கிளட்சை அவசரமாக விட்டார், எப்போது பதறினார், எது கைகொடுத்தது. டீச்சர் சொல்லியிருக்கக்கூடிய எல்லாமே அதில் இருந்தன. சொன்ன வாய்தான் வேறு.

வகுப்பு முடிந்து தையற்காரர் இறங்கிப் போனதும் டீச்சர் கேட்டார்.

"உங்களுக்குப் பயமே வராதா?"

தாடிக்காரர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வியர்வையில் நனைந்திருந்தது.

"பயத்துக்கென்ன டீச்சர், தினமும்தான் வருது. அது என் பயம். அதைத் தூக்கி அவர் மடியில வச்சா, அவர் வண்டியைப் பாப்பாரா, என் பயத்தைப் பாப்பாரா?"

அவசியமானால் தானும் பிரேக் போடுவதாக அவர் சொன்னார். படிக்கிறவரால் இன்னும் பார்க்க முடியாத ஆபத்து என்றால் மட்டும். போட்டால் உடனே ஒத்துக்கொள்வாராம். கிளம்பும்போது, ஒரு வகுப்பைப் போனில் பதிவு செய்து தனியாகக் கேட்டுப் பாருங்கள் என்றார். தனக்கு முதலில் கேட்டபோது ஒரு வாரம் சோறு இறங்கவில்லை என்றும் சொன்னார்.

டீச்சர் அடுத்த நாள் சின்னவளுடனான வகுப்பைப் பதிவு செய்தார். மாலையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். கிளட்ச், கிளட்ச், பார்த்து, மெதுவா, இண்டிகேட்டர், அங்கே பாரு, இல்ல இல்ல, நான் பிடிச்சுட்டேன், போ. மூச்சு விட இடமில்லை. நடுவே சின்னவள் "அண்ணி, இந்த இடத்துல" என்று ஆரம்பித்தது மூன்று முறை கேட்டது. ஒரு முறைகூட முடியவில்லை. உள்ளே வந்த கணவர் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு, "யாரு, கிரிக்கெட் வர்ணனையா?" என்றார். வழக்கமாக டீச்சர் சுடச்சுடப் பதில் கொடுப்பார். இன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் காயை நறுக்க ஆரம்பித்தார்.

"அவ கெட்டிக்காரிதான். நான்தான் அவளை ஓட்டவே விடலைபோல" என்றார் டீச்சர்.

சின்னவளின் மூன்றாவது தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. டீச்சர் காலை இருக்கைக்குக் கீழே மடக்கினார். வாயைக் கட்டுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் சின்னவள் ரவுண்டானாவுக்குள் நுழையும் இடத்தில் வண்டியை அணையவிட்டுவிட்டாள். பழக்கப்படி டீச்சரின் காலைப் பார்த்தாள். அங்கே கால் இல்லை. முகத்தைப் பார்த்தாள். டீச்சர் எதிரே இருந்த விளம்பரப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். படித்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது. யாரோ கண்ணாடியை இறக்கித் திட்டினார்கள். மருந்துக்கடைச் சத்தம் காதுக்குள் கொட்டியது. 'போயும் போயும் சொந்த வீட்டுப் பெண்ணை வைத்தா சோதித்துப் பார்ப்பது' என்று மனம் அடித்துக்கொண்டது. தொடைக்கு அடியில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார்.

சின்னவள் கியரை எடுத்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டி குலுங்கி மறுபடி அணைந்தது. திரும்பவும் முயன்றாள். பஸ் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டி, பொறுங்கள் என்றாள். அப்புறம் வண்டி நகர்ந்தது, வளைந்தது, வெளியே வந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னபோது டீச்சரின் குரல் அவருக்கே கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பிறகு சின்னவள் பேச ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. ஒரு நாள் டீச்சர் பழையபடி கத்திவிட்டார், சின்னவள் மீதி வழி முழுக்க உர்ரென்று வந்தாள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், வலது பக்கம் நிறுத்தியிருந்த வேன்களுக்கு நடுவிலிருந்து டெலிவரி பைக் ஒன்று பின்பக்கமாகவே சாலைக்கு வந்தது. டீச்சரின் கால் வெளியே வந்து பிரேக்கை அழுத்தியது. வண்டி பைக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பைக்காரன் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டான்.

சின்னவளின் முகம் செத்துவிட்டது. "மறுபடி தப்புப் பண்ணிட்டேனா அண்ணி?"

"இல்ல. இது நான் போட்டது. நீ சரியாத்தான் வந்தே. நான் உக்காந்திருக்கிற பக்கத்துலேருந்துதான் அவன் தெரிஞ்சான், உன் பக்கம் வேன் மறைச்சிருச்சு."

சின்னவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "இவ்வளவு நாளா வண்டி நின்னா, நான் நிறுத்தினேனா நீங்க நிறுத்தினீங்களான்னே எனக்குத் தெரியாது அண்ணி. இப்பத்தான் தெரியுது."

தேர்வு நாளன்று டீச்சர் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றார். இன்ஸ்பெக்டர் ஏறியதும் வண்டி நகர்ந்தது. மேட்டில் ஒரு தடவை அணைந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வண்டி மேட்டைத் தாண்டியிருந்தது. வாசல் வழியாகச் சாலைக்குப் போய்க் கண்ணிலிருந்து மறைந்தது. அது திரும்பி வரும் வரை, பக்கத்தில் நின்ற அம்மாள் தன் மகனைப் பற்றிச் சொன்னது எதுவும் டீச்சரின் காதில் ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னவள் இறங்கி வந்தாள். பக்கவாட்டில் நிறுத்துவது சுமார்தான், வேகம் ஆமைபோல, ஆனாலும் பரவாயில்லை, பாஸ் என்று இன்ஸ்பெக்டர் சொன்னாராம். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. டீச்சர் கணவருக்குப் போன் செய்தார்.

வேலைக்குப் போன முதல் நாள் மதியம் சின்னவள் போன் செய்தாள். ஒரு வீட்டு வாசலில் வண்டியை உள்ளே விடும்போது பக்கக் கண்ணாடியைத் தூணில் உரசிவிட்டாள். ரத்தக் குப்பிகளுக்கு ஒன்றுமில்லை. அடுத்த வகுப்புக்காக வண்டியில் உட்கார்ந்திருந்தார், ஓட்டுகிறவர் இருக்கை இன்னும் காலி. அந்த வாசலில் எப்படித் திரும்பியிருக்க வேண்டும் என்று சொல்ல வாய் துடித்தது. போனைக் காதோடு வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"சரியா பாக்காம சீக்கிரமாத் திருப்பிட்டேன் அண்ணி" என்றாள் சின்னவள். "இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வளைச்சிருக்கணும். மேலாளர்கிட்ட நானே சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு வீடு இருக்கு, வைக்கிறேன்."

டீச்சர் போனைப் பையில் போட்டார். நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திறந்து புதிதாகப் படிக்க வந்தவர் ஏறினார். டீச்சர் வணக்கம் சொல்லி, கால்களை உள்ளே மடக்கிக்கொண்டார்.