கணேசலிங்கத்தின் ஆயிரம் பவுண்

என் கணவர் கணேசலிங்கத்துக்குத் தன்னிடம் காசில்லை என்று சொல்ல வாய் வராது. கோயில்காரர் வந்தால் நன்கொடைக்குச் செக் எழுதிக் கொடுப்பார், ஊர்ச்சங்கத்தார் வந்தால் எழுதிக் கொடுப்பார். பிறகு நான்தான் சமையலறையில் நின்று பருப்பை அளந்து போட வேண்டும். இதற்காகச் சண்டை பிடித்துப் பிடித்து நானும் களைத்துப்போனேன். இந்த வியாதி எங்கள் இரண்டு பேரோடு நின்றிருந்தால் இதை வெளியில் சொல்லவே மாட்டேன்.

அஞ்சலீனா எங்கள் பிளேஸ்டோ வீட்டுக்கு வந்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. இவர் லண்டனுக்கு வருமுன் பாரிசில் இருந்தவர். அங்கே இவருக்குப் படுக்க இடம் கொடுத்து, உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையும் பிடித்துக் கொடுத்த சிநேகிதனின் தங்கை அவள். ஊர் குருநகர். அவளுடைய புருசனை யாழ்ப்பாணத்தில் ஆட்களைக் கடத்தும் வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. இராணுவ முகாம் முகாமாகத் தேடித் திரிந்தவளையும் ஆட்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்கத் தொடங்கியதும் தமையன் இங்கே அனுப்பிவிட்டான். எங்கள் சின்ன அறையில், இவருடைய பலசரக்குக் கடைக்குச் சாமான் வந்த பெட்டிகளுக்கு நடுவே மெத்தை போட்டுப் படுத்தாள். இவரை அண்ணை என்பாள், என்னை அக்கா என்பாள்.

அந்த ஆவணியில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையை மூடினார்கள். அங்கே சனம் சீனிக்கு வரிசையில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஹோம் ஒபிஸ் கடிதம் போட்டது. அகதி கேட்டு அவள் சொன்ன கதையை நம்பவில்லையாம், திரும்பிப் போகலாமாம். எங்கே போவது? இதை எழுதினவனைக் கூட்டிக்கொண்டு போய்க் குருநகரில் ஒரு கிழமை விட வேண்டும் என்று நான் கத்தினேன். அப்பீல் செய்ய இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் தந்திருந்தார்கள்.

முன்பெல்லாம் ஈஸ்ட் ஹாமில் மூலைக்கு மூலை லோயர்மார் லீகல் எயிட்டில் அகதி வழக்கு எடுத்தார்கள். கட்சிக்காரரிடம் காசு வாங்குவதில்லை, அரசாங்கம் அவர்களுக்குக் கட்டும். அந்தக் காசை வெட்டிக் குறைத்த பிறகு ஒவ்வொருவராகக் கைவிட்டு, வீடு வாங்கி விற்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்த ஒன்று, சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஓர் அலுவலகம். அங்கே எங்கள் வழக்கைப் பார்த்தவள் கஜந்தினி. நகைக்கடைக் கிருஷ்ணராசாவின் மகள். கிருஷ்ணராசாவுக்கும் இவருக்கும் கோயில் திருவிழா நோட்டீசில் யாருடைய பெயர் முதலில் வருவது என்று பல வருடமாக இழுபறி. அதை நினைத்தாவது நான் இவரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

கஜந்தினி கடிதங்களைப் படித்தாள். புருசனைக் காணவில்லை என்று மனித உரிமை ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியைப் பார்த்ததும் அஞ்சலீனாவிடம் தலையை ஆட்டினாள்.

"இது நல்ல கேஸ் அக்கா. வெல்லலாம். லீகல் எயிட்டுக்கு உங்கடை வருமானத்தை மட்டும் எழுதோணும். செலவுக்கு ஆர் தாறது?"

அஞ்சலீனா வாய் திறக்குமுன் இவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"வேறை ஆர், நான்தான். ஒரு குறையும் வைக்கேல்லை. மாதம் ஆயிரம் பவுண் கையில குடுக்கிறனான்."

எனக்குப் புரையேறிவிட்டது. அவளின் கையில் இவர் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்ததைக்கூட நான் கண்டதில்லை. உடுப்பு என்னுடையது, சோறு எங்களுடையது, அவ்வளவுதான்.

"உண்மையாவோ அங்கிள்? ஆயிரமோ?" என்று அந்தப் பிள்ளை திரும்பக் கேட்டாள்.

"ஏன், கிருஷ்ணராசான்ரை மகளுக்கு என்னில நம்பிக்கையில்லையோ?"

நான் காலால் தட்டினேன். "நீர் சும்மா இரும்" என்று என்னை அடக்கிவிட்டு, காசு கொடுப்பவர் என்று படிவத்தில் கையெழுத்தை நீட்டி வைத்தார்.

மூன்றாம் நாள் கஜந்தினி போன் எடுத்தாள். "அன்ரி, அங்கிள் குடுக்கிற காசு லிமிட்டுக்கு மேல. லீகல் எயிட் கிடைக்காது. சும்மா செய்து குடுக்க எங்கடை ஒபிஸ் பெரியவர் விடார். அப்பீல் வெள்ளிக்கிழமைக்குள்ள போகோணும்."

"போய் உண்மையைச் சொல்லுங்கோ" என்று இவரைப் பிடித்து உலுக்கினேன்.

"கிருஷ்ணராசான்ரை மகளிட்டைப் போய் நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லவோ? பின்னேரமே நகைக்கடையில வைச்சுச் சிரிப்பாங்கள். நான் பிறைவேற்றா லோயர் பிடிக்கிறன். வால்தம்ஸ்டோவில நல்ல ஒருத்தர் இருக்கிறார்."

கடை ஓடுகிறதுதானே, லோயருக்குக் கட்ட ஏலாமலா போகும் என்று நானும் விட்டுவிட்டேன். பின்னேரம் வரும்போதெல்லாம் கேட்டேன். "ஓம் ஓம், கதைச்சிட்டன்" என்றார். அஞ்சலீனா அதைக் கேட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். புருசன் உயிரோடு இருந்தால், இங்கே இருந்துகொண்டே அவனைத் தேடலாம் என்பது அவளின் நம்பிக்கை. திரும்பி அனுப்பினால் தேடுவதற்கு அவளும் இருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை காலையில் மனம் கேட்கவில்லை. நானே வால்தம்ஸ்டோ லோயருக்குப் போன் எடுத்தேன். கணேசலிங்கம் என்று யாரும் அங்கே வரவும் இல்லை, கதைக்கவும் இல்லை.

வந்த ஆத்திரத்தில் கடைக்கு ஓடினேன். நான் கடைப்பக்கம் போய்ப் பல மாதம். உள்ளே குளிர்ப்பெட்டிகளின் லைற் எல்லாம் அணைந்து கிடந்தது. தட்டுகளில் மீன் ரின்களும் பால்மாப் பேணிகளும் முன் வரிசையில் மட்டும் நின்றன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், பின்னால் வெறும் பலகை. இவர் பால் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதில் குந்தியிருந்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"தைப்பொங்கலோட சரிஞ்சிட்டுது. அடுத்த மாதம் கடைச் சொந்தக்காரனிட்டைத் திறப்பைத் திருப்பிக் குடுக்கவேணும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

இவர் குந்தியிருந்தபடியே ஒரு ரின்னை நேராக்கி வைத்தார். திட்டுவதற்கென்று வழி முழுக்கச் சேர்த்துக்கொண்டு போன சொற்கள் அத்தனையும் எனக்குள்ளேயே செத்துப்போயின. எட்டு மாதமாக இந்த மனிதர் ரின்களை முன்னுக்கு இழுத்து இழுத்து அடுக்கியிருக்கிறார். "எழும்புங்கோ. முகத்தைக் கழுவுங்கோ. ஈஸ்ட் ஹாமுக்குப் போவம்" என்றேன்.

அஞ்சலீனாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு கையெழுத்து வைக்க வேண்டும் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

கஜந்தினியின் மேசைக்கு முன்னால் இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, அண்டைக்குச் சொன்னது பொய். நான் இவவுக்கு ஒண்டும் குடுக்கிறேல்லை."

கஜந்தினி முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்து அஞ்சலீனா பக்கம் திரும்பினாள். "கையெழுத்து வைக்கிறது நீங்கள்தான் அக்கா. நீங்களும் சொல்லோணும். அங்கிள் காசு தாறவரோ?"

அஞ்சலீனா இவரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இருந்தாள்.

"அண்ணை இப்பத்தான் பொய் சொல்லுறார், தங்கச்சி. எனக்கு எல்லாம் தாறவர். ஒரு நாளும் என்னைப் பசிக்க விட்டதில்லை. அந்த ஆயிரமும் தாறவர்."

எனக்கு அவளின் வாயைப் பொத்த வேண்டும் போல் இருந்தது. அண்ணையை அந்நியர் முன்னால் சிறுமைப்படுத்தக் கூடாது என்று தன் தலையில் தானே மண் அள்ளிப் போடுகிறாள். இதற்கு என் மனுசனே தேவலை.

கஜந்தினி பேனையைக் கீழே வைத்தாள். "அன்ரி, இப்ப நான் எதை எழுதிறது?"

நான் பேச எழும்பினேன். இவர் என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, முழுதாக அவள் பக்கம் திரும்பினார்.

"அஞ்சலீனா, இஞ்சை பார். கடை கையை விட்டுப் போட்டுது. வீட்டுக் கடனுக்கும் பாங்க் கடிதம் போடுது. உனக்கு நான் ஒரு சதமும் தந்ததில்லை, தரவும் ஏலாது. உன்னை வைச்சுப் பாக்க எனக்கு வக்கில்லை. பாரிசில இருக்கிற கொண்ணன் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன். விளங்குதோ?"

குரல் உயரவில்லை. ஆனால் அவள் அடி வாங்கினவள் போல் குறுகிப்போனாள். கண்ணீர் வடிய வடிய, கஜந்தினி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். இவரும் வைத்தார். மறுநாள் காலையில் பாங்க் கணக்குப் பிரதிகளைக் கொண்டுவந்து தரச் சொன்ன கஜந்தினி, எங்களை இருத்தி வைத்துக்கொண்டே அப்பீலை நீதிமன்றத்துக்கு ஃபாக்ஸ் பண்ணினாள். கடைசித் தாளும் போய் முடியும்வரை நான் அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்கிள், இஞ்சை சொன்னது ஒண்டும் வெளியில போகாது. அப்பாவுக்கும் சொல்லமாட்டன்."

"சொன்னாலும் சொல்லு பிள்ளை" என்றார் இவர்.

கீழே இறங்கி வந்தோம். தெருவில் வேலை விட்டுப் போகும் சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அஞ்சலீனா சேலைக் கடைக் கண்ணாடியோடு ஒதுங்கி நின்றாள். முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணை, நான் எப்ப வெளிக்கிடோணும்?"

"எங்கை?"

"உங்கடை வீட்டிலையிருந்து."

இவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்தோ அழுகை வந்துவிட்டது. அப்படிச் சொல்லவில்லை, சட்டத்துக்காகச் சொன்னது, அது இது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, இவர் அவளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டார்.

"வீட்டை சோறு கிடக்கு, பிள்ளை. அது மட்டும்தான் கிடக்கு. வா."

"ஓம் அண்ணை" என்று அவள் பின்னால் நடந்தாள்.