மாமாவின் சொத்தை

அவசரத்தில் ஒரு 'யை' விட்டுப்போனது. நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்காக என் ஓரகத்தியை அழவைத்து, மாமனாரை வாய்மூட வைத்து, ஒரு பல் டாக்டரை அரை மணி நேரம் கையுறையோடு நிற்கவைத்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

பல்லில் குடியிருக்கும் கிருமிகளை வளர்ப்பது என் வேலை. பல்லைச் சொத்தையாக்கும் கிருமி ஒன்றிடம் ஒரு நொதி இருக்கிறது. நாம் தின்னும் சர்க்கரையை அது இரண்டாக வெட்டும். ஒரு பாதியை விட்டுவிட்டு, மறுபாதிகளை ஒன்றோடொன்று கோத்துப் பசை காய்ச்சும். அந்தப் பசையால்தான் கிருமிகள் பல்லோடு ஒட்டிக்கொண்டு, அமிலத்தைக் கக்கிக் குழி தோண்டுகின்றன. நொதியின் உடம்பில் சர்க்கரை போய் உட்கார ஒரு பள்ளம் உண்டு. அதன் உருவம் சரியாகத் தெரிந்தால், அதை அடைக்க மருந்து தேடலாம். உருவம் தெரிய வேண்டுமென்றால் நொதியைப் படிகமாக்கி எக்ஸ்ரே பிடிக்க வேண்டும்.

அங்கேதான் நான் நான்கு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இந்த நொதிக்குப் பசையைப் பிடித்துக்கொள்ள நீளமாக ஒரு வால் இருக்கிறது. அது ஒரு நிலையில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். படிகம் என்றால் எல்லாம் அசையாமல் வரிசையில் நிற்க வேண்டும். வாலாட்டும் கூட்டத்தை யார் வரிசையில் நிறுத்துவது? வால் குட்டையான கிருமி எங்காவது கிடைக்குமா என்று இருநூறு பேர் வாயைச் சுரண்டியும் எனக்கு மிஞ்சியது வசவுதான்.

போன மாதம் போகிறபோக்கில் என் மாமனாரின் பல்லையும் சுரண்டினேன். மனிதர் வாயில் புதையலே இருந்தது. அவருடைய கிருமியின் நொதிக்கு வால் பாதிதான். மூன்றே நாளில் துளியூண்டு படிகங்கள் வந்துவிட்டன. ஆய்வகத்தில் தனியாக ஆடினேன். இனி பெரிய படிகம் வளர்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குமுன் அந்தக் கிருமியின் மரபணுவைப் படித்துப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் ஃப்ரீசர் செத்துப்போனது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உருகிக் கிடந்ததில் கிருமிகளும் கூடவே போய்ச் சேர்ந்தன.

எக்ஸ்ரே கருவியில் எங்கள் முறைக்கு ஐந்து வாரம் இருந்தது. அதை விட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் எனக்கு அங்கே வேலை இருக்காது.

சரி, கிருமி போனால் என்ன, மாமாவின் பல் இருக்கிறதே என்று வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் அண்ணி அப்பாவைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றார், என்னவோ தபால் வந்திருக்கிறது என்பதுபோல. மாமா இருப்பது மூத்த மகன் வீட்டில். என் ஓரகத்திதான் அவரைப் பார்த்துக்கொள்கிறார். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டே குடும்பக் குழுவில் ஒரு கையால் தட்டினேன்:

"மாமாவின் சொத்தை யாரும் தொடக்கூடாது. எனக்கு வேண்டும். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்."

'சொத்தையை' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

பல் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது ஓரகத்தி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "வாங்கக்கா" என்றேன், ஏதோ என் வீட்டுக்கு அவர் வந்ததுபோல. முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே நாற்காலியில் மாமா, கழுத்தில் காகிதத் துண்டோடு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். ஊசியும் போடவிடவில்லை, வாயும் திறக்கவில்லை என்று டாக்டர் என்னிடம் முறையிட்டார்.

என்னைப் பார்த்ததும் மாமா வாயைத் திறந்தார்.

"வீடு பெரியவளுக்குன்னு நான் எப்பவோ எழுதி வெச்சுட்டேன்மா. உனக்கு அதுல மனசு கஷ்டம்னா இப்பவே சொல்லிடு. மரத்துப்போன வாயோட குடும்ப விஷயம் பேச முடியாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்து நான் எழுதியதை நானே படித்தேன். காது வரை சுட்டது.

"மாமா, எனக்கு வீடெல்லாம் வேண்டாம். உங்க சொத்தைப் பல்லுதான் வேணும்."

முதலில் சிரித்தது டாக்டர். அடுத்தது மாமா. ஓரகத்தி கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. ஆனால் பாருங்கள், நான் ஒழுங்காக எழுதியிருந்தால் ஏதோ கேலி என்று சிரித்துவிட்டு மாமா சமத்தாக வாயைத் திறந்திருப்பார், பல் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். பிழைதான் பல்லைக் காப்பாற்றியது. குழியிலிருந்து ஆசைதீரச் சுரண்டிக்கொண்டேன். பிறகு டாக்டர் பிடுங்கினார்.

மூன்று நாள் கழித்துப் பார்த்தால் தட்டில் ஏதேதோ வளர்ந்திருந்தது, எனக்கு வேண்டியது இல்லை. பல்வலிக்காக மாமா ஒரு வாரம் ஆண்டிபயாட்டிக் விழுங்கியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆய்வக ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்ததும்தான் புத்தி வேலை செய்தது. இந்தக் கிருமி எச்சில் வழியாகத்தான் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும், பெரும்பாலும் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு. வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். பிறகு அண்ணன் வீட்டுக்கே போய் அவர் அண்ணனை. வந்ததுதான் வந்தோம் என்று, அடுப்படியில் நின்றுகொண்டிருந்த ஓரகத்தியையும் சுரண்டினேன். அவர் கிளறுவதை நிறுத்தாமலே ஆ காட்டினார். கடைசியில் என் வாயையும் விடவில்லை.

பெற்ற பிள்ளைகள் இருவர் வாயிலும் இல்லை. ஓரகத்தி வாயில் இருந்தது. அதே கிருமி, அதே பாதி வால். நொதியைப் பிரித்துத் துளியாக வைத்த மூன்றாம் நாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். துளியில் படிகங்கள் மின்னின. உடனே போன் போட்டேன்.

"அக்கா, மாமா வாயில இருந்தது உங்க வாய்க்கு எப்படி வந்துச்சு?"

"பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவருக்கு நாக்குல சூடு தெரியாது. எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் நான் குடிச்சுப் பார்த்துட்டுத்தான் கொடுப்பேன். அதே ஸ்பூன்தான். ஏன், தப்பா?"

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடமும் நான் மாதம் ஒரு முறை பிஸ்கட் பாக்கெட்டோடு போய், செருப்பைக் கழற்றின சூட்டோடு மாட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தப்பே இல்லக்கா என்றேன்.

"உன் வாயில பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்தேன். இல்லை."

"ஞாயித்துக்கிழமை வா" என்றார் அக்கா. "ஸ்பூனை உன் கையில தர்றேன்."