சிவப்பு அம்பு ஒட்டிய ரெக்ஸின் துண்டு

1

முதலில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். ஆம்பூரில், 2007 ஆகஸ்ட் மாதம், மூன்றே கணினிகள் உள்ள ஒரு பிரவுசிங் சென்டர். முதல் கணினி முன்னால் கடைக்காரர் ஜெர்சன். அவருக்கு வலப்பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில் இவாஞ்சலின். ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் தைத்து, பிறகு செக்கிங் டேபிளில் நின்றவள். கதவோரம் பழைய யுபிஎஸ் பெட்டிமேல் அவள் கூட்டாளி வஜீதா. கடைசி பெஞ்சில் நான், மனுவும் கடிதமும் எழுதித் தருகிறவன்.

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. அந்தக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் ரெக்ஸின் துண்டைக் காட்டி "இது இன்னா சார்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போய் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மேகம் கறுத்த ஒரு மாலையில், இவாஞ்சலினின் மனமும்"

நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மேகமே இல்லை.

இரண்டாவது: "இணையம் என்பது முகமில்லாதவர்களின் சந்தை." கட்டுரைப் போட்டிக்கு ஆகும்.

மூன்றாவது, கை பழகிய வழியில்: "பொருள்: பழைய தையல் மிஷின் வாங்குவது தொடர்பாக." இதுவே இருக்கட்டும்.

3

திரையில் இருந்த விளம்பரத்தில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற மிஷின் ஒன்று பளபளவென்று நின்றது. விலை ரொம்பக் கம்மி. விற்பவர் நவீன்குமார், கோயம்புத்தூர். இவாஞ்சலின் வேலையை விட்டு வாங்கிய பி.எஃப். பணத்தில் ஒரே ஒரு மிஷின்தான் வரும். அந்தப் பணம் போனால், அவளும் வஜீதாவும் வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பது என்ற பேச்சே இல்லை. மறுபடி கம்பெனி கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

இவாஞ்சலின் அவருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், இன்னைக்கே பாதிய அக்கவுண்ட்ல போட்டுடுங்க. இன்னும் நாலு பேரு கேட்டுட்டிருக்காங்க."

"நேர்ல வந்து ஓட்டிப் பாத்துட்டுத் தர்றேன் சார்."

"நான் வெளியூர்ல இருக்கேன். படத்துலதான் எல்லாம் தெரியுதுல்ல?"

"படம் தையல் போடாது சார்."

வஜீதாவுக்குப் பொறுக்கவில்லை. "போட்டுடு ஈவா. வேற எவனாச்சும் தூக்கினு போய்ட்டா பேஜாராய்டும்."

"சாம்பிள் பாக்காம எந்த லாட்டயாவது நான் பாஸ் பண்ணிருக்கனாடி?" *

(* தோல் தொழில் நடக்கும் எங்கள் பக்கம் சாம்பிள் பார்க்காமல் எதுவும் நகராது. மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர்களிடமே "சாம்பிள் எப்டி?" என்று கேட்கிற ஊர்.)

முகவரி கேட்டாள். ஏதோ ஒரு கடையின் மேற்பார்வை (c/o) என்று போட்டு ஒரு முகவரி எஸ்.எம்.எஸ்ஸில் வந்தது. நான் கடிதம் எழுதினேன்: "இத்துடன் உள்ள கறுப்பு ஆட்டுத்தோல் துண்டில் தங்கள் மிஷினில் இரண்டு வரிசை தைத்துத் திருப்பி அனுப்பவும். கண்டபின் நேரில் வந்து, ஓட்டிப் பார்த்து, அங்கேயே பணம்."

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். நவீன்குமார் நல்லவராக இருந்துவிட்டால்? ஒரு வரைவில் அவரை நல்லவராக்கி, படுத்த படுக்கையாய் ஒரு மனைவியையும் கொடுத்தேன். பிறகு, ஒன்பதாம் நாள் வந்த பதில் உறை நினைவுக்கு வந்தது. அந்த வரைவைக் கிழித்தேன். அந்த அம்மாள் பிழைத்தார்.]

4

உறைக்குள் கறுப்புத் துண்டு. இரண்டு வரிசைத் தையல்.

"பாத்தியா, நல்ல மனுஷன்," என்றாள் வஜீதா. "ரயில் தண்டவாளமாட்டம் தச்சிருக்கான்."

இவாஞ்சலின் தையலைப் பார்க்கவில்லை. துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். திருப்பி, இன்னொரு தடவை.

"மோந்து பாரு."

வஜீதா மோந்தாள். "தோல் வாசனயே இல்லியே."

"எப்டி இருக்கும்? ரெக்ஸின்."

அவனிடம் இருந்தது துணி தைக்கிற மிஷின்; அதில் ஆட்டுத்தோல் கிழிந்திருக்கும். அதே அளவில் செயற்கைத் தோலான ரெக்ஸினை வெட்டித் தைத்து அனுப்பிவிட்டான். படத்தில் காட்டிய மிஷின் அவனிடம் இல்லவே இல்லை.

ஜெர்சன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார். "ஆம்பூருக்கே ரெக்ஸின் அனுப்பிருக்கான்க்கா."

அவள் போன் போட்டாள். "சார், தையல் நல்லாருக்கு. என் தோல் எங்க?"

அவன் போனை வைத்துவிட்டான். மூன்று நாளில் விளம்பரத்தையும் காணோம்.

செக்கிங் டேபிளில் குறை உள்ள இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று அவள் பையில் மிச்சம் இருந்தது. அதை ரெக்ஸின் நடுவில் ஒட்டி, துண்டை முதல் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டினாள். அடுத்த வாரம் மேல்விஷாரம் அப்துல் கஃபார் பாய், எவனோ விற்கிற பழைய ஜெனரேட்டருக்கு முன்பணம் அனுப்ப வந்தவர், துண்டின் கதையைக் கேட்டார். பணத்தை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு, ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பார்க்க நேரே பஸ் ஏறினார். இப்போதெல்லாம் அந்தக் கடையில் யார் எதை வாங்கப் போனாலும் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "சாம்பிள் கேட்டியா?"

5

முடிவு ஒன்று: வாணியம்பாடியில் நல்ல மிஷின் கிடைத்தது. இவாஞ்சலின் வாங்கினாள்.

அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இந்த மிஷின நீங்க ஓட்டிப் பாத்தீங்களா சார்?"

"கதைல எப்டிம்மா ஓட்டறது?"

"அப்ப அந்த வரிய அடிச்சுடுங்க."

அடித்துவிட்டேன்.

வாணியம்பாடி விளம்பரம் மட்டும் நிஜம். விற்பவர் மஹபூப் பாஷா. கேட்பதற்கு முன்பே போனில் சொன்னார்: "இருவது தையலுக்கு ஒண்ணு விடும்மா. அதச் சொல்லிட்டுதான் விக்கறேன்."

"நல்லவருன்னு தோணுது," என்றேன்.

"தோணட்டும் சார். நீங்க எழுதுங்க."

அதே கடிதத்தை அவருக்கும் எழுதினேன். புது ஆட்டுத்தோல் துண்டின் உள்பக்கம் இந்தத் தடவை இவாஞ்சலின் பேனாவால் தன் கையெழுத்தைப் போட்டாள்.

பதில் வரும்போது இந்தக் கதையில் நான் இருக்க மாட்டேன். என் வேலை கடிதத்தோடு முடிகிறது. உறையைப் பிரிக்கப்போவது, இதைப் படிக்கிற நீங்கள். தையல் விட்டிருக்கிறதா என்று பிறகு எண்ணிக்கொள்ளலாம். முதலில் மோந்து பாருங்கள்.

வஜீதா பசை தடவினாள். இவாஞ்சலின் உறையின் வாயைக் கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தி, ஒரு இடமும் விடவில்லை என்று பார்த்துக்கொண்டு, தபால் பெட்டியில் போட்டாள்.