பின் சீட்டுக்காரியின் மிதி

"பாவம்டி உன் வீட்டுக்காரர்" என்று அக்கா போனில் சொன்னாளோ இல்லையோ, சின்னவள் மண்டையை வண்டு குடைய ஆரம்பித்துவிட்டது.

"வாரம் பூரா ஏணியில ஏறி பெயின்ட் அடிக்கிற மனுஷன். லீவு நாள்லயும் உன்னைப் பின்னாடி வெச்சு மேடு ஏத்தணும்னா என்ன ஆவாரு? பேசாம பஸ்ல வாங்க."

அக்காவுக்கு நல்ல மனசுதான். வாய்தான் அவ்வளவு நல்லதில்லை.

சின்னவளுக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கை போதும். சைக்கிள்தான் கைவிட்டுப் போயிற்று. சின்ன வயசிலிருந்து சைக்கிளிலேயே திரிந்தவள், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பெயின்டர் எங்கெங்கோ அலைந்து, இரண்டு பேர் ஓட்டுகிற நீளச் சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கி வந்தார். முன்னால் அவர்; ஹேண்டில், பிரேக், கியர், வழியில் வருகிற நாய் எல்லாம் அவர் பொறுப்பு. பின்னால் அவள், மிதிக்க வேண்டியது மட்டும்தான்.

வம்பே அங்கேதான். இரண்டு ஜோடி பெடலையும் ஒரு செயின் சேர்த்துக் கட்டியிருக்கும். ஒருத்தர் கால் சுற்றினால் மற்றவர் காலும் சுற்றியே தீரும். அப்படியானால் தான் நிஜமாகவே மிதிக்கிறோமா, இல்லை அவர் இழுக்கிற இழுப்புக்குக் கால் சும்மா சுற்றுகிறதா? இந்தக் கேள்வி வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெறும் சுமையாகத்தான் போகிறோம் என்றால் இனி அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள். அவரிடம் கேட்டால் உண்மையா சொல்லப்போகிறார்? சாம்பாரில் உப்பில்லாவிட்டாலும் "பிரமாதம்" என்று சாப்பிடுகிற ஆள்.

இந்த நேரம் பார்த்து, பின் சக்கரத்தை இழுக்கிற செயின் வேறு தேய்ந்துவிட்டது. அதைத் துணியால் துடைத்து, கண்ணி கண்ணியாக எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் திரும்பத் துடைப்பது எப்போதும் அவள் வேலைதான்.

"ஏங்க, செயின் தொளதொளன்னு ஆடுது. நீண்டுபோச்சு."

அன்றைக்கே போய்ப் புதுசு வாங்கி வந்து, தானே மாட்டியும் விட்டார் பெயின்டர்.

"பின் சக்கரத்துப் பல்லையும் மாத்தணுமான்னு கடையில கேட்டீங்களா?"

"போனது செயின்தானே? பல்லு கல்லு மாதிரி இருக்கு, விடு."

கல்லின் லட்சணம் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அக்கா வீடு மேட்டுத் தெருவின் உச்சியில். சமதரையில் வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. மேடு தொடங்கியதும் சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். டடக்! செயின் பல்லைத் தாண்டி வழுக்கி, பெடல் வெறுமனே உருண்டு, அவள் முழங்கால் கம்பியில் இடித்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி டடக்.

"நீ அழுத்தாதேம்மா, சும்மா உக்காந்திரு, நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். சொன்ன பத்தாவது அடியில் வண்டி நின்றுவிட்டது.

சின்னவள் இறங்கி, முழங்காலைத் தடவிக்கொண்டே நினைத்தாள். 'சும்மா உக்காந்திருன்னு அவரே சொல்லிட்டாரே. என் கனம்தான் செயினைக்கூட வழுக்க வைக்குது.' வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் நேராகச் சைக்கிள் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரம்மா பின் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்ததுமே உச்சுக் கொட்டினாள். சின்னவளின் விரலைப் பிடித்துப் பல்லின் மேல் வைத்தாள். ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கமாகச் சரிந்து கொக்கியாகக் கூர்ந்திருந்தது.

"பழைய செயினும் இதுவும் சேர்ந்தே தேஞ்சிருக்கு, அதனால இத்தனை நாள் ஒத்துப்போச்சு. புதுசு இதுல உக்காராதுண்ணே. லேசா மிதிச்சா ஓடும், பலமா மிதிச்சா தாவும்."

"யாரு மிதிச்சா தாவுது?" என்று கேட்டாள் சின்னவள்.

"பாத்துட்டாப் போச்சு!" கடைக்காரம்மா விளையாட்டுக்கு ரெடியாகிவிட்டாள். கடைக்குப் பின்னால் ஒரு சரிவு. முன் சீட்டில் அவள் ஏறி ஹேண்டிலைப் பிடித்தாள். காலை அழுத்தாமல் சுற்ற மட்டும் விட்டாள். முதலில் பின்னால் பெயின்டர். மூச்சு வாங்க, முனகிக்கொண்டு, ஆமை வேகத்தில் ஏறினார். செயின் சமர்த்தாக இருந்தது.

அடுத்து சின்னவள். அழுத்தினாள்.

டடக்!

"இன்னொரு தரம்!" என்று கத்தினாள். டடக்! டடக்! முழங்காலில் இடித்த இடத்திலேயே இடித்தது. அவளோ லாட்டரி விழுந்தவளைப் போலச் சிரித்தாள்.

"அண்ணே, மேட்டுல வண்டியை இழுக்கிறது இவங்கதான் போலிருக்கே!" என்றாள் கடைக்காரம்மா.

"எனக்குத் தெரியுமே" என்றார் பெயின்டர், தலையைச் சொறிந்துகொண்டு.

"தெரியுமா? அப்புறம் ஏங்க சொல்லல?" சின்னவள் வண்டியை விட்டு இறங்கியே விட்டாள்.

"நீ மிதிக்கிற தைரியத்துலதான் நான் மேட்டுல காலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கிறது. சொன்னா மாட்டிக்க மாட்டேனா?"

அட பாவி மனுஷா! ஒரு வாரமாக இவள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது இந்தச் சோம்பேறித்தனத்துக்காகவா? முதுகில் பொத்தென்று ஒன்று வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை.

புது செயினுக்குப் பொருந்துகிற மாதிரி பின் பல் அடுக்கு ஒன்றைக் கடைக்காரம்மாவே எடுத்துப் போட்டாள். அதே எண்ணிக்கை கியர். மேட்டுக்கு உதவட்டும் என்று அந்த அடுக்கில் பெரிய பல் சக்கரம் மட்டும் ஒரு சுற்று பெரியதாக. முன் பல்லையும் தடவிப் பார்த்துவிட்டு, அது இன்னும் தாங்கும் என்றாள்.

அடுத்த ஞாயிறு, மேட்டுத் தெரு. செயின் முணுக்கென்று சத்தம் போடவில்லை. வாசல் நெருங்கும்போது, "இப்போ பாரு" என்று சொல்லிவிட்டுப் பெயின்டர் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து அகலமாக விரித்துக்கொண்டார். வண்டி நிற்கவில்லை. சின்னவள் அழுத்த அழுத்த அது ஏறிக்கொண்டேதான் இருந்தது.

கேட்டைத் திறந்துகொண்டு அக்கா ஓடி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி! வெக்கமா இல்ல உங்களுக்கு? நீங்க ராஜா மாதிரி காலை விரிச்சுக்கிட்டு உக்காந்துட்டு, என் தங்கச்சியையா மிதிக்க விடுறீங்க?"

திட்டு இன்னும் வந்துகொண்டே இருந்தது. சின்னவள் அதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டே, கடைசி மேட்டையும் மிதித்து ஏறினாள்.