பூஜ்யப் பெட்டி

தன் வேலையை அக்காவுக்கு விளக்க மொழிபெயர்ப்பாளன் ஒரே ஒருமுறைதான் முயன்றான். "செயலிக்கு வரி எழுதறேன்க்கா." அன்றிலிருந்து அவனை வரி அதிகாரி என்றே அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். மாமா மரியாதையாகப் பேசத் தொடங்கினார். பிறகு பயந்துபோய்ப் பேச்சையே நிறுத்திக்கொண்டார்.

உண்மையில் அவன் எழுதியது அரட்டைச் செயலி ஒன்றின் தமிழ் வரிகளை. ஜன்னல் ஒன்று, நாற்காலி ஒன்று, கணினி ஒன்று. அறையில் பன்மைக்கு இடமில்லை. கோப்பில் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் மூன்று பெட்டிகள்: பூஜ்யத்துக்கு, ஒன்றுக்கு, பலவற்றுக்கு. '1 செய்தி', '5 செய்திகள்'. தமிழில் பூஜ்யமும் பலவோடு சேர்த்தி என்று யாரோ முடிவுகட்டிவிட்டதால், பூஜ்யப் பெட்டியை மென்பொருள் திறந்தே பார்க்காது. ஆனால் காலியாக விட்டால் பிழை என்று கோப்பு சிவந்துவிடும்.

முதலில் புள்ளி வைத்தான். சிவப்பு போகவில்லை. 'யாராவது இருக்கீங்களா?' என்று எழுதினான். உடனே பச்சையானது. கேட்டதற்குப் பதில் வந்து வெகுநாளாகியிருந்ததால் அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு வருடத்தில் நாற்பத்தொரு பெட்டிகளில் மனத்தைக் கொட்டிவிட்டான்.

ஒரு முற்பகலில் நிரலாளர் அழைத்தாள். அவன் வரிகளைச் செயலியில் சேர்ப்பவள், வேறு ஊர், முகம் பார்த்ததில்லை.

"சார், நல்ல சேதி. நாளைலேர்ந்து பூஜ்யப் பெட்டியையும் திறக்கறோம். உங்க உழைப்பு வீண்போகாது."

நாளை முதல், செய்தி வராதவர்கள் அத்தனை பேர் திரையிலும் இவன் புலம்பல். வேலை போகும். மானம் அதற்கு முன்பே கிளம்பிவிடும்.

"மேடம், கோப்பை ஒருமணி நேரம் திறந்துவிடுங்க. சின்னத் திருத்தம்."

"பூட்டியாச்சே சார். எந்த வரின்னு சொல்லுங்க."

"பூஜ்யம்... எல்லாமே."

"அது சின்னதா? இருங்க, பார்க்கறேன்."

தொலைபேசியில் மவுஸ் சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. ஐயோ, படிக்கிறாளே என்று கூசியது. அட, படிக்கிறாளே என்றும் இருந்தது. சக்கரம் ஓரிடத்தில் நின்றது.

"சார்."

"சொல்லுங்க மேடம்."

"பதினேழாவது. 'இன்றும் தனியாக சாப்பிட்டேன்.' ஒற்று விட்டுப்போச்சு. 'தனியாகச்'னு வரணும்."

"...ஆமாம் மேடம்."

"மத்தபடி பிழை ஒண்ணும் கண்ணுல படலை. திறந்துட்டேன், மாத்திக்குங்க."

வைத்துவிட்டாள்.

'செய்திகள் இல்லை', 'அழைப்புகள் இல்லை', 'நண்பர்கள் இல்லை' என்று நாற்பது பெட்டிகளை முறைப்படி நிரப்பினான். பதினேழாவதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தான். அதில் முதலில் ஒரு 'ச்' சேர்த்தான். சேமித்தான். சத்தமாக ஒருமுறை படித்துப் பார்த்தான். இலக்கணப்படி இப்போது குறையொன்றும் இல்லை.

பிறகு அழித்தான்.