மழை பெய்தால் கரிக்கும் தண்ணீர்

அந்த லைன் வீடுகளில் யாருக்குத் தண்ணீரில் சந்தேகம் வந்தாலும் வீரணனிடம்தான் வருவார்கள். வராமல் என்ன செய்வார்கள்? அருள்புரத்தைத் தாண்டி இருக்கிற ஒரு சாயப்பட்டறையில் ஆறு வருஷமாக ஆர்.ஓ. ஆபரேட்டர் அவன். சாயமும் உப்பும் கலந்த கழிவை ஒரு பக்கம் உள்ளே அனுப்பி, மறுபக்கம் தெளிந்த தண்ணீரை வாங்குகிற வேலை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து டெய்லர் வேலைக்கென்று வந்தவன், நாள் முழுக்க மெஷினில் உட்கார முதுகு ஒத்துழைக்காமல் இதற்கு மாறினான். இன்றைக்குத் தண்ணீர் டாக்டர் என்று பெயர் வாங்கிவிட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்த வீட்டைப் பிடித்ததே தண்ணீரைப் பார்த்துத்தான். பைப்புத் தண்ணீர் அந்தத் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருதரம், அதுவும் அரை மணி நேரம். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாமே போர்தான். வீட்டுக்காரர் மகுடேஸ்வரன் புதிதாக ஆயிரம் அடிக்குப் போர் போட்டிருந்தார். மேல்தண்ணிதான் கெட்டுப்போச்சுங்க, நம்முளுது அடித்தண்ணிங்க என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஆழம் போகப் போகத் தண்ணீர் சுத்தம் என்று வீரணனும் நம்பினான். வாடகை அதிகம் என்று மனைவி சித்ராதேவி முணுமுணுத்தபோது, தண்ணீரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தவனும் அவன்தான்.

ஆவணி மாதம் ஒரு காலையில் மகள் ஜோதிகா கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. முகம் அப்படி வீங்கியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், கிட்னி சரியாக வேலை செய்யவில்லை என்றார். காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனாலும் முதல் வேலையாகக் குடிக்கிற தண்ணீரை மாற்றுங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்போம் என்றார். ரத்தத்தில் கிரியாட்டினின் எண் இறங்கியிருந்தால் நல்லது, ஏறியிருந்தால் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்.

அடுப்படிக்கு ஒரு ஃபில்டர் வாங்குவது என்று அன்றே முடிவானது. தண்ணீர் டாக்டர் கடை கடையாக ஏறி இறங்கினான். நீல விளக்கு எரிகிறது, செம்புக் குழாய் இருக்கிறது என்று ஒவ்வொருவனும் ஒன்றைச் சொல்ல, உப்பை வடிக்கிற மெம்பரேன் எந்த அளவு வரைக்கும் தாங்கும் என்று இவன் திருப்பிக் கேட்டான். ஒருவனுக்கும் பதில் தெரியவில்லை. பதில் சொன்னவன் நல்லூரில் சின்னதாகக் கடை வைத்திருந்த முகிலன் மட்டும்தான். வீட்டுக்கே வந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற, பேனா மாதிரி இருந்த மீட்டரைக் குடத்துக்குள் விட்டுப் பார்த்தான். ஆயிரத்து எண்ணூற்றைம்பது காட்டியது.

"எல்லைலதானுங்க நிக்குது. ரெண்டாயிரம் வரைக்கும் சாதா மெஷினே போதும்ங்க, அதுக்கு மேல போனா இழுக்காது. இந்த மீட்டர வெச்சுக்கங்க. ஒரு வாரம் காலையில காலையில பாத்து எழுதி வெய்யுங்க. அப்பறம் எந்த மெஷின்னு சொல்றனுங்க."

விற்க வந்தவன் பொறுத்து வாங்கு என்று சொன்னதில் வீரணனுக்கு ரொம்பத் திருப்தி. மீட்டர் சித்ராதேவி கைக்குப் போனது. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். எதையும் எழுதி வைக்கிற கை. அடுப்படிச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் அன்றன்று வந்த எண்ணைக் கட்டத்துக்குள் எழுதினாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஆயிரத்து எண்ணூற்றுச் சில்லறைதான்.

செவ்வாய்க்கிழமை பகலில் மழை பிடித்துக்கொண்டது. சாயப்பட்டறைக்கும் மழைக்கும் எப்போதுமே ஆகாது. பாய்லருக்குப் போடுகிற விறகு நனைந்துபோகும். விறகு நனைந்தால் ஆவி வராது, ஆவி வராவிட்டால் எவாப்ரேட்டர் ஓடாது. ஆர்.ஓ. பிரித்துத் தள்ளுகிற கெட்டி உப்புத் தண்ணீரை வற்றவைக்க வேண்டியது அந்த எவாப்ரேட்டர்தான். அது நின்றால் அந்த உப்புத் தண்ணீர் சேருகிற ரிஜெக்ட் தொட்டி தளும்பத் தொடங்கிவிடும். சரி, சாயம் போடுவதை நிறுத்தலாமே என்றால், ஏற்றுமதி ஆர்டர் காத்திருக்குமா?

இதற்கு மேனேஜர் தரணீதரன் ஒரு வழி வைத்திருந்தார். பட்டறையின் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குள், வற்றிப்போன பழைய போர் ஒன்று இருந்தது. தொள்ளாயிரம் அடி. தொட்டியிலிருந்து அதற்கு ஒரு பைப், பைப்பில் ஒரு வால்வு. மழை நாளில் அவர் போன் வரும். வீரணன் போய்த் திறந்துவிடுவான். கருஞ்சிவப்பாய்க் கொழகொழவென்று அந்தத் தண்ணீர் குழிக்குள் இறங்குகிற சத்தம் வெகு நேரம் கேட்கும். அது எங்கே போகிறது என்று முதல் தடவை இவன் கேட்டபோது, பாதாளத்துக்குப் போகுதப்பா, அங்க யாரு குடிக்கறா என்று தரணீதரன் சிரித்தார். இவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஏழெட்டுத் தடவை திறந்தாகிவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் திறந்தான்.

வியாழக்கிழமை காலை மீட்டர் இரண்டாயிரத்து அறுநூறு காட்டியது. வெள்ளிக்கிழமை மூவாயிரத்து நூறு.

சித்ராதேவி காலண்டர் முன்னால் பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள். வேறெதையும் யோசித்து அவள் கேட்கவில்லை. மனதில் பட்டதைக் கேட்டாள். "மழ பேஞ்சா தண்ணி நல்லாத்தான ஆகணும்? இங்க என்ன, மழைக்குப் பெறகுதான் கரிக்கிது? போன மாசமும் இப்படித்தான். பருப்பு வேகவே இல்ல."

வீரணன் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். தொள்ளாயிரம் அடி, ஆயிரம் அடி என்று இரண்டு எண்கள் அவன் தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடந்தால் பத்து நிமிஷம். ஆறு வருஷமாக உள்ளே போவது, வெளியே வருவது என்று எண்களையே பார்த்துக்கொண்டிருந்த மூளைக்கு இந்தக் கணக்கு பிடிபட எவ்வளவு நேரமாகும்? வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தவன், கையில் பிடித்த தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே விட்டான்.

முகிலன் ஞாயிற்றுக்கிழமை வந்து காலண்டரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். இது மழைத்தண்ணி எறங்குன கணக்காத் தெரியலீங்களே என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு வீரணனைப் பார்த்து, "ஏனுங்க, உங்க பட்டறைல ரிஜெக்ட்டு எங்கீங்க போகுது?" என்று கேட்டான்.

எவாப்ரேட்டருக்கு என்றான் வீரணன். முகிலன் மேலே கேட்கவில்லை. இரட்டை மெம்பரேன் போட்ட பெரிய மெஷின்தான் இந்தத் தண்ணீருக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவன் வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் சித்ராதேவி வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே இவன் கொட்டிவிட்டான். மழை என்றால் மட்டும்தான், மேனேஜர் சொல்லித்தான், அது நம் போருக்கு வந்து சேரும் என்று சத்தியமாகத் தெரியாது என்று என்னென்னவோ உளறினான். அவள் தரையில் உட்கார்ந்தாள். அழுவாள், இல்லை அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெளிய சொன்னா வேல போயிரும்ல?" என்றாள்.

"போயிரும். என்னையத்தான் மொதல்ல புடிப்பாங்க."

"வேல போயிட்டா புள்ளைக்கு எத வச்சு வைத்தியம் பாக்குறது?" அவளே தொடர்ந்தாள். "அந்தப் பெரிய மெஷினவே வாங்கிருவோம். நம்ம புள்ள குடிக்கிறது நல்லாருந்தாப் போதும்."

அதைக் கேட்டதும் வீரணனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. வெட்கமாகவும் இருந்தது, உண்மைதான். ஆனால் பாறை இறங்கிய சுகம்தான் பெரிதாக இருந்தது. மறுநாளே மெஷின் வந்து சுவரில் ஏறியது. முகிலன் பிடித்துக் காட்டிய முதல் டம்ளர் தண்ணீர் முப்பத்தெட்டு காட்டியது.

மெஷின் வந்த சேதி லைன் முழுக்கப் பரவியது. அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் வந்தாள். ஐம்பதை நெருங்கிய பெண், புருஷன் இல்லை, வீட்டிலிருந்தே பனியன் பிசிறு வெட்டிக் கொடுத்துப் பிழைப்பவள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து சித்ராதேவி வேலை முடிந்து வருகிற வரைக்கும் ஜோதிகாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். அதற்கென்று ஒரு பைசா வாங்கியவள் இல்லை. தம்பி, நானும் ஒரு சின்ன மெஷின் வாங்கிரவா, ஒரே தொட்டித் தண்ணிதான நமக்கு, அந்த முகிலனை வந்து பார்க்கச் சொல்லேன் என்று கேட்டாள்.

முகிலன் அங்கேயும் மீட்டரோடு போவான். இன்னொரு காலண்டரில் இன்னொரு கை எழுதும். அப்புறம் லைன் முழுக்க எழுதும். வீரணன் சட்டென்று சிரித்தான்.

"ஒங்களுக்கு எதுக்குக்கா வெட்டிச் செலவு? தண்ணி நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கு டாக்டர் சொன்னதுனால மாட்டிருக்கோம்."

தண்ணீர் டாக்டரே சொல்லிவிட்டான், அப்புறம் என்ன? வெள்ளையம்மாள் நிம்மதியாகப் போனாள். சித்ராதேவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை வலுத்தது. நான்கு தடவை வால்வு திறந்தது. ஒவ்வொரு தடவையும் கை கூசியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நம் வீட்டில்தான் மெஷின் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு திருகிவிடுவான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாட்டில், வெள்ளையம்மாள் வீட்டில் இருக்கிற நேரத்துக்கு ஒரு பாட்டில் என்று இரண்டு பாட்டில் நிரப்பிக் கொடுத்தார்கள். இரண்டும் காலியாகத்தான் திரும்பி வந்தன.

இரண்டு மாதம் முடிந்து ரத்தம் எடுத்தார்கள். எண் ஏறியிருந்தது.

டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீரை மாற்றினீர்களா என்று கேட்டார். மாற்றினோம் சார் என்றாள் சித்ராதேவி. கோயம்புத்தூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை போக வேண்டும். வீட்டுக்கு வந்த கையோடு முகிலனைக் கூப்பிட்டார்கள். அவன் மெஷினைக் கழற்றிப் பார்த்தான், மூன்று தடவை அளந்தான். முப்பத்தெட்டுக்கு மேல் ஒரு எண் ஏறவில்லை. மெஷின் மேல தப்பு இல்லீங்க என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். பிறகு எங்கேதான் தப்பு?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி மழை. தரணீதரன் போன் செய்தார், தொட்டி தளும்புது வீரணா, தொறந்து உட்ரு என்றார். மகளுக்காகத் திங்கட்கிழமை லீவு கேட்டதற்கு, பாத்துட்டு வாப்பா, எத்தன நாளானாலும் பரவால்ல என்று அன்றைக்குக் காலையில்தான் ஆதரவாகச் சொல்லியிருந்தார். அந்த மனிதரிடம் எப்படி மாட்டேன் என்பது? மருத்துவச் சீட்டு சட்டைப் பையில் இருக்க, வீரணன் கொட்டகைக்குள் போய் வால்வைத் திருகினான். தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்காத தூரத்துக்கு வந்து நின்றுகொண்டான்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது தூறல் விட்டிருந்தது. சித்ராதேவி இன்னும் வரவில்லை. வெள்ளையம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசல் ஓரத்துத் துளசித் தொட்டியில் ஜோதிகா தன் பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிறகு எக்கி நின்று வெள்ளையம்மாள் வீட்டுக் குடத்தில் செம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து குடித்தாள். கடகடவென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை வீரணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்பா!" பிள்ளைக்கு அவனைக் கண்டதும் சந்தோஷம். "இங்கதாம்ப்பா தண்ணி நல்லாருக்கு. நம்ம வீட்டுத் தண்ணி சப்புனு இருக்கு."

மடியில் குவிந்த பனியன்களுக்கு நடுவிலிருந்து வெள்ளையம்மாள் சிரித்தாள். "தெனம் இந்தக் கூத்துதான் தம்பி. பாட்டில்ல உள்ளதச் செடிக்கு ஊத்திட்டு எங்க கொடத்துலதான் மோந்து குடிப்பா. மொதல்ல அரட்டித்தான் பாத்தேன். பெறகு, நம்ம தண்ணி நல்லாத்தான இருக்குன்னு நீயே சொல்லிருக்க, குடிச்சாக் குடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஜோதிகா செம்பை மறுபடி குடத்துக்குள் விட்டாள். வீரணன் பாய்ந்து போய்ச் செம்பைத் தட்டிவிட்டான். தட்டிய வேகத்தில் குடமும் சாய்ந்து, தண்ணீர் பனியன் மேலெல்லாம் ஓடியது. பிள்ளை பயந்துபோய் வீறிட்டு அழுதது. குடிக்காத, குடிக்காத என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

வெள்ளையம்மாள் எழுந்து நின்றாள். நனைந்த துணியைப் பார்த்தாள், கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி?" என்றாள்.

அவன் சாய்ந்த குடத்தை நிமிர்த்தி வைத்தான். அவள் மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை தம்பி என்று சொல்லவில்லை.